கதவு தொங்குகிறதா, சட்டம் சரிந்ததா?

உங்கள் வீட்டில் இரும்பு பீரோ இருக்கிறதா? வீடு மாறும்போது அதைத் தூக்கி வைத்தவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். பழைய வீட்டில் ஒரு விரலால் தள்ளினாலே மூடிக்கொண்ட கதவு, புது வீட்டில் மூட மறுக்கும். ஒரு கதவு சற்று மேலேயும் மற்றது சற்றுக் கீழேயும் நிற்கும். பூட்டின் நாக்கு தனக்குரிய துளைக்குள் போகாமல் தகட்டில் முட்டும். அப்போது பெரியவர் யாராவது வந்து, ஓர் அட்டைத் துண்டை நான்காக மடித்து, பீரோவின் ஒரு காலுக்கு அடியில் செருகுவார். கதவு பழையபடி மூடிக்கொள்ளும்.

கீலை யாரும் தொடவில்லை. பூட்டையும் தொடவில்லை. பிறகு கதவு எப்படிச் சரியாயிற்று? தரை சமமாக இல்லாததால் பீரோவின் பெட்டியே சற்று முறுகி நின்றது. கதவு மாறவில்லை, கதவு உட்காரவேண்டிய சட்டம் மாறிவிட்டது. அட்டை அந்தச் சட்டத்தை நேராக்கியது.

இது எனக்கு நன்றாகத் தெரியும். இயற்பியல் கற்பிப்பவன் அல்லவா? இருந்தும் ஒரு பழைய காரின் கதவருகே நின்றபோது இதை மறந்துபோனேன். அதன் விளைவு விபத்தாக முடிந்திருக்கும். அந்தக் கதையைச் சொல்கிறேன். கூடவே ஒரு கதவின் கோளாறு கீலில் இருக்கிறதா, சட்டத்தில் இருக்கிறதா என்பதை நான்கே அளவுகளால் கண்டுபிடிக்கும் வழியையும் பார்ப்போம்.

காலாப்பட்டில் ஒரு ஹெரால்டு

புதுச்சேரி நகரிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், இடையில் தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து வெளிவந்து, மறுபடியும் புதுச்சேரி எல்லைக்குள் நுழைகிறோம். அந்த இடம் காலாப்பட்டு. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாக வைத்திருந்த நிலப்பகுதிகளில் இதுவும் ஒன்று. புதுவைப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. சாலைக்குக் கிழக்கே சற்று நடந்தால் கடல்.

அங்கே ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நின்றது. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டி இது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதை இந்தியாவில் செய்தது. அந்நிறுவனம் கார் செய்வது 1980களின் இறுதியில் நின்றுவிட்டது. பெரியவரிடம் இருந்தது 1960களின் நடுவில் வந்த இரண்டு கதவு வண்டி. அவருடைய தந்தையார் வாங்கியது.

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி, சேஸிஸிலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவிலேயே இருந்தால், அதைப் பழம்பெருமை வாய்ந்த வண்டி என்று பதிவு செய்துகொள்ளலாம். எண்பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். இதைப் படித்த பெரியவருக்கு ஆசை வந்துவிட்டது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் கொட்டகை சரிந்த பிறகு, வண்டி ஆண்டுக்கணக்கில் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. எஞ்சின் ஓடிவிட்டது, பிரேக் சரியாயிற்று. இடப்பக்கக் கதவுதான் தகராறு செய்தது. அதன் பின்விளிம்பின் மேல்மூலை எதிரே உள்ள தூணில் உரசியது. புதிதாக அடித்த பெயிண்ட் அங்கே மட்டும் உரிந்து வந்தது.

“கதவு தொங்குது சார். மேல் கீல்ல ஒரு தகடு எடுத்துட்டா சரியாயிடும்” என்றார் டிங்கரிங் வேலை செய்த மேஸ்திரி. எனக்கும் அது சரியாகவே பட்டது. ஏன் பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு கதவு தன் கீல்களை என்ன பாடு படுத்துகிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

கீலின் மேல் விழும் விசை

கதவு கீல்களுக்கு நேர் கீழே தொங்குவதில்லை, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் எடை முழுவதும் ஈர்ப்பு மையத்தில் செயல்படுவதாகக் கொள்ளலாம். கீல்களின் அச்சிலிருந்து அந்த மையம் தள்ளி இருப்பதால், எடை கதவைக் கீழ்நோக்கிச் சுழற்றப் பார்க்கிறது. இதுதான் நீங்கள் பாடத்தில் படிக்கும் திருப்புத்திறன். விசையை தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது.

ஹெரால்டின் கதவு நீளமானது. ஏறத்தாழ 1 மீட்டர். அதன் நிறை 25 கிலோகிராம் என்றும், ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 48 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எடை சுமார் 250 நியூட்டன். திருப்புத்திறன் 250 × 0.48 = 120 நியூட்டன் மீட்டர். இதைச் சமன்செய்ய வேண்டியவை இரண்டு கீல்கள். மேல் கீல் கதவைத் தூணை நோக்கி இழுக்கவேண்டும்; கீழ்க் கீல் கதவைத் தூணிலிருந்து வெளியே தள்ளவேண்டும். சம அளவில், எதிரெதிர்த் திசையில் செயல்படும் இந்த இரு விசைகளும் சேர்ந்து ஓர் இரட்டை. கீல்களுக்கு இடையே தூரம் 30 செ.மீ. என்றால், ஒவ்வொரு விசையும் 120 ÷ 0.3 = 400 நியூட்டன்.

கதவின் எடையே 250 நியூட்டன்தான்! அது மேல் கீலைத் தூணிலிருந்து பிடுங்க முயலும் விசையோ 400 நியூட்டன். 40 கிலோகிராம் மூட்டையை அந்த ஒரு கீலில் கட்டிக் கிடைமட்டமாக இழுப்பதற்குச் சமம்.

வீட்டுக் கதவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 30 கிலோகிராம் நிறையும் 90 செ.மீ. அகலமும் உள்ள கதவு. கீல்களுக்கு இடையே 1.5 மீட்டர். திருப்புத்திறன் 300 × 0.45 = 135. கீல் விசை 135 ÷ 1.5 = 90 நியூட்டன் மட்டுமே. கனமான கதவுதான், ஆனால் கீல்கள் எட்டி இருப்பதால் பாரம் குறைந்துவிடுகிறது. பழைய வீடுகளிலும் கோயில்களிலும் கீலே இல்லாத கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். கதவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் உள்ள குடுமி, கல்லிலோ மரத்திலோ குடைந்த குழியில் சுழலும். எடை முழுவதும் கீழ்க் குடுமி வழியாக நேரே தரைக்குப் போய்விடும். மேற்குடுமி சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். கார் கதவுக்கு அந்த வசதி இல்லை. கண்ணாடிக்குக் கீழே உள்ள சிறிய உயரத்துக்குள்தான் இரு கீல்களையும் பொருத்தியாகவேண்டும்.

இப்போது ஒருவர் திறந்த கார் கதவின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கினாற்போல் எழுந்திருக்கிறார் என்போம். 40 கிலோகிராம் பாரம், கீலிலிருந்து 90 செ.மீ. தூரத்தில். கூடுதல் திருப்புத்திறன் 360 நியூட்டன் மீட்டர். கூடுதல் கீல் விசை 1,200 நியூட்டன். முன்பே உள்ள 400ஐயும் சேர்த்தால் 1,600. மேல் கீலின் பின்னும் புஷ்ஷும் தேய்வதும், தூணின் தகடு கிழிவதும் இப்படித்தான். திறந்த கார் கதவில் சாய்ந்து நிற்கும் நண்பர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

ஆகவே பழைய கார்க் கதவு கீழே இறங்கியிருந்தால் மேல் கீலைச் சந்தேகிப்பது நியாயமே. தூணின் பின்முகத்தில் கீல் திருகப்பட்டிருக்கும் வண்டிகளில், கீலுக்கும் தூணுக்கும் இடையே மெல்லிய தகடுகளைக் கொடுத்துக் கதவின் நிலையை மாற்றுவார்கள். ஒரு தகடு வைத்தால் கீல் தூணிலிருந்து விலகும், எடுத்தால் நெருங்கும். மேல் கீலில் 1 மி.மீ. தகட்டை எடுத்தால், கதவு கீழ்க் கீலை மையமாகக் கொண்டு 300இல் 1 என்ற கோணத்துக்குச் சுழலும். 1 மீட்டர் தள்ளியுள்ள பூட்டு முனை 3 மி.மீ.க்கும் சற்று அதிகமாக மேலே ஏறும். கீலில் செய்யும் சிறு மாற்றம் பூட்டில் மூன்று மடங்குக்கு மேல் பெருகித் தெரியும். நெம்புகோலேதான்.

நான் செய்த தவறு

மேல் கீலிலிருந்து 2 மி.மீ. தகட்டை எடுத்தோம். கதவை மூடிப் பின்விளிம்பைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை இடைவெளி ஒரே சீராக, கோடு கிழித்தாற்போல் இருந்தது. பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் பூட்டு விழவில்லை. கதவு மேலே ஏறிவிட்டதால் பூட்டின் பல் தூணில் உள்ள கொக்கித் தகட்டில் இடித்தது. அந்தத் தகட்டை அதன் துளை இடம்கொடுத்த வரை உயர்த்தினோம். போதவில்லை. மீதிக்கு அரம் போடச் சொன்னேன். மேஸ்திரி தயங்கினார். “போட்டது திரும்ப வராது சார்” என்றார். நான்தான் வற்புறுத்தினேன். கதவு மூடிக்கொண்டது.

இரண்டு நாள் கழித்துப் பெரியவர் தம் மனைவியை இடப்பக்க இருக்கையில் அமர்த்திக்கொண்டு கிளம்பினார். கடற்கரைச் சாலையிலிருந்து வலப்பக்கம் தெருவுக்குள் திரும்பும்போது கதவு திறந்துகொண்டது. வண்டி வலப்பக்கம் திரும்ப, உள்ளே இருப்பவரின் உடல் நிலைமத்தால் நேரே போகப் பார்க்கும். அதாவது இடக்கதவை நோக்கிச் சாயும். அரைகுறையாகப் பிடித்திருந்த பல் அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. அந்தக் காலத்து வண்டி. இருக்கைப் பட்டை கிடையாது. மெதுவாகப் போனதாலும், அம்மையார் முன்பலகையைப் பற்றிக்கொண்டதாலும் கீழே விழவில்லை. “தம்பி, இனிமே வீட்டம்மா இந்த வண்டியில ஏற மாட்டாங்க” என்றார் பெரியவர். அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

இதில் ஒரு நல்ல காலம், ஹெரால்டின் கதவுக் கீல்கள் முன்பக்கம் இருந்தன. 1934 முதல் 1957 வரை பிரான்சில் செய்யப்பட்ட சிட்ரோயன் டிராக்சியோன் அவான் காரிலும், 1950களில் நம் நாட்டுக்கு வந்த ஃபியட் 1100 காரிலும் முன்கதவுகளின் கீல் பின்பக்கம் இருக்கும். ஓட்டத்தில் அந்தக் கதவு சற்றுத் திறந்தாலும், எதிர்க்காற்று உள்ளே புகுந்து அதை முழுவதுமாக வீசித் திறந்துவிடும். முன்பக்கக் கீல் இருந்தால் காற்று கதவை மூடவே முயலும்.

நான்கு அளவுகள்

மறுநாள் அளவுகோலோடு போனேன். முதல் நாளே செய்திருக்கவேண்டியது இது.

கதவு மூடியிருக்கும்போது அதன் முன்விளிம்புக்கும் முன்தூணுக்கும் இடையே ஓர் இடைவெளி. பின்விளிம்புக்கும் பின்தூணுக்கும் இடையே மற்றோர் இடைவெளி. இரண்டையும் மேற்பகுதியில் ஒருமுறை, அடிப்பகுதியில் ஒருமுறை அளந்தால் மொத்தம் நான்கு அளவுகள். ஹெரால்டில் முன்சக்கர மூடிகளோடு சேர்ந்து பானட் முழுவதும் முன்னோக்கித் திறக்கும். ஆகவே பானட்டைத் திறந்துவைத்து, தூணின் விளிம்பிலிருந்தே அளந்தேன்.

முன் இடைவெளி மேலே 2 மி.மீ., கீழே 6 மி.மீ. பின் இடைவெளி மேலே 4, கீழே 4. பின்பக்கத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்தவன் நான். முன்பக்கம் ஆப்பு வடிவத்தில் கோணிக் கிடந்தது!

இப்போது மேலே உள்ள இரண்டையும் கூட்டுங்கள்: 2 + 4 = 6. கீழே உள்ள இரண்டையும் கூட்டுங்கள்: 6 + 4 = 10.

தகட்டை எடுப்பதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும்? தகட்டைத் திரும்ப வைத்து அளந்தேன். முன் இடைவெளி மேலும் கீழும் 5, 5. பின் இடைவெளி மேலே 1, கீழே 5. கூட்டிப் பாருங்கள். மேலே 6, கீழே 10. அதே எண்கள்!

கொஞ்சம் யோசித்தால் இதில் வியப்பு ஒன்றும் இல்லை. எந்த உயரத்திலும் வாசலின் அகலம் என்பது முன் இடைவெளி, கதவின் அகலம், பின் இடைவெளி மூன்றும் சேர்ந்தது. கதவை முன்னே தள்ளினால் ஒரு பக்கம் குறைவது மறுபக்கம் கூடும். சிறிது சுழற்றினாலும் அப்படியே. கோணம் மிகச் சிறியதாகையால் கதவின் அகலத்தில் ஏற்படும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கீலை எப்படித் திருகினாலும் கூட்டுத்தொகை மாறாது. அது கதவின் நிலையைப் பொறுத்ததன்று. வாசலின் வடிவத்தைப் பொறுத்தது.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. மேல் கூட்டுத்தொகையும் கீழ்க் கூட்டுத்தொகையும் சமமாக இருந்து, இடைவெளிகள் மட்டும் கோணலாக இருந்தால், வாசல் சரியாக இருக்கிறது, கதவுதான் சுழன்றிருக்கிறது. கீலைப் பாருங்கள். கூட்டுத்தொகைகளே வேறுபட்டால், வாசல் நீள்சதுரமாக இல்லை. கீலை ஆயுள் முழுவதும் திருகினாலும் பயன் இல்லை. ஒரு பக்கத்துக் கோணலை மறுபக்கத்துக்கு மாற்றுவதைத்தான் நான் செய்திருந்தேன்.

வண்டி புதிதாக வந்தபோதே வாசல் அப்படித்தான் இருந்ததோ என்ற ஐயம் உங்களுக்கு வரலாம், வரவேண்டும். அதற்காகவே வலப்பக்கக் கதவையும் அளந்தேன். மேலே 10, கீழே 10. ஆய்வுக்கூடத்தில் ஒப்பீட்டுக்கு வைக்கும் மாதிரி, அதே வண்டியின் மறுபக்கத்தில் இலவசமாகக் கிடைத்தது.

ஆக இடப்பக்க வாசல், மேலே 4 மி.மீ. குறுகியிருந்தது. இரு தூண்களும் தலையைச் சாய்த்து ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. எங்கே சரிந்தால் இப்படி ஆகும்? பீரோவின் காலை நினைத்துக்கொண்டு தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் பார்த்தேன்.

வண்டியின் கால்

அந்த நாளில் பல கார்களின் உடலே ஒரே பெட்டியாகப் பற்றவைக்கப்பட்டு, அதுவே எலும்புக்கூடாகவும் வேலை செய்தது. ஹெரால்டு அப்படியன்று. நடுவில் முதுகெலும்பு போல ஒரு சேஸிஸ். அதிலிருந்து விலா எலும்புகள் போலப் பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகள். உடல் இரண்டு பெரிய துண்டுகளாகச் செய்யப்பட்டு, ஒன்றோடொன்று போல்ட்டால் இணைக்கப்பட்டு, இந்தக் கைகளின்மேல் உட்காருகிறது. கைக்கும் உடலுக்கும் நடுவே மெத்தைகளும் தகடுகளும் உண்டு. முன்தூண் முன்துண்டைச் சேர்ந்தது. பின்தூண் பின்துண்டைச் சேர்ந்தது. இணைப்பு இருப்பது கதவு வாசலின் பின்புறம், தரைமட்டத்தில். ஆகவே கதவு என்பது இரண்டு துண்டுகளுக்கு இடையே போட்ட பாலம்.

இணைப்புக்கு அடியில் இருந்த இடப்பக்க இரும்புக் கையைச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். ‘டங்’ என்ற ஒலி வரவேண்டும். ‘பொத்’ என்றது, ஒரு கைப்பிடி துரு கொட்டியது. அந்தக் கை அழுகி மடங்கியதால் உடலின் நடுப்பகுதி 4 மி.மீ. கீழே இறங்கியிருந்தது.

கணக்கு ஒத்துவருகிறதா பார்ப்போம். முன்துண்டின் முன் தாங்கலுக்கும் இந்த இடத்துக்கும் 1 மீட்டர். ஆகவே முன்தூண் 1,000இல் 4 என்ற கோணத்தில் பின்னோக்கிச் சாயும். கதவின் உயரமான 60 செ.மீ.யில் அது 2.4 மி.மீ. பின்துண்டின் பின் தாங்கல் 1.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. பின்தூண் 1,500இல் 4 என்ற கோணத்தில் முன்னோக்கிச் சாயும்; 60 செ.மீ.யில் 1.6 மி.மீ. இரண்டும் சேர்ந்தால் சரியாக 4 மி.மீ. கதவின் அருகில் அளந்த எண், வண்டிக்கு அடியில் இருந்த பள்ளத்தைச் சொல்லிவிட்டது. உண்மையில் கதவு தொங்கவே இல்லை. அதுவும் பூட்டும் சேர்ந்தே இறங்கியிருந்தன. அதனால்தான் நான் கதவை உயர்த்தியபோது பூட்டு இடித்தது. அந்த இடிதான் வண்டி எனக்குச் சொன்ன முதல் எச்சரிக்கை. அதை நான் அரத்தால் தேய்த்துவிட்டேன்.

இடப்பக்கம் மட்டும் ஏன் அழுகியது? கொட்டகையில் அந்தப் பக்கம் கடலைப் பார்த்திருந்தது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் மிதந்து வந்து படிகின்றன. நீர் ஆவியானாலும் உப்பு தங்கிவிடும். கடலுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி மறுபடியும் நனைந்துகொள்ளும். உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், துருப்பிடித்தல் என்ற மின்வேதி வினை விரைவாக நடக்கிறது. குளோரைடு அயனிகள் இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தையும் உடைத்துவிடுகின்றன. போதாக்குறைக்குத் தார்ப்பாய், ஈரத்தை வெளியே விடாமல் காத்தது! துருவின் பருமன் அது உண்டாகக் காரணமான இரும்பின் பருமனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு தகடுகள் ஒட்டும் இடத்தில் துரு புகுந்தால் அவற்றைப் பிளந்து அகற்றிவிடும். கார்க் கதவின் அடியில் மழைநீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டால் கதவு உள்ளிருந்தே அழுகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் ஒரு குச்சியால் அவற்றைக் குத்திவிடுவது நல்லது.

சரிசெய்த முறை

புதிய இரும்புக் கையை, பழையதன் அளவிலேயே தகடு மடித்துச் செய்து, மேஸ்திரி பற்றவைத்தார். உடலை ஜாக்கியால் தூக்கும்போது அதற்கென உள்ள உறுதியான ஸ்டாண்டுகளை முதலில் வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகக்கூடாது.

சேஸிஸ் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மேஸ்திரி, பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து கொத்தனாரின் டியூப் லெவலை வாங்கி வந்தார். நீர் நிரப்பிய ஒளிபுகும் நீண்ட குழாய்தான் அது. இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். வண்டியின் நான்கு மூலைகளிலும் இரும்புக் கைகளின் உயரத்தை இதைக் கொண்டு ஒப்பிட்டோம். பிறகு மெத்தைகளை மாற்றி, தகடுகளை ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும் கூட்டுத்தொகைகளைக் கவனித்தோம். மேலே 8, கீழே 10. இன்னொரு தகடு. மேலே 9. கடைசியில் இரண்டும் 10. இருக்கைகளையும் பொருத்தி, நான்கு சக்கரங்களும் தரையில் ஊன்றிய நிலையில்தான் இந்த அளவுகளை எடுத்தோம். பாரம் மாறினால் இடைவெளியும் மாறும்.

அதன் பிறகே கதவு. ரப்பர் பீடிங்கையும் தூணில் உள்ள கொக்கித் தகட்டையும் கழற்றிவிட்டுத்தான் கதவை மாட்டவேண்டும் என்றார் மேஸ்திரி. அதில் நுட்பமான இயற்பியல் இருக்கிறது. தொங்கும் கதவைக்கூடக் கொக்கித் தகடு மூடும்போது தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கோளாறு கண்ணுக்குத் தெரியாது. ரப்பரும் கதவை வெளியே தள்ளிப் பொய்யான இடைவெளியைக் காட்டும். வெறும் கதவு வெறும் கீலில் நின்றால்தான் உண்மை தெரியும். இரண்டு கீல்களின் பின்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். இல்லையென்றால் கதவு திறக்கும்போது தகடு முறுக்கிக்கொண்டு ‘கிரீச்’ என்னும். நேர்கோடு சரியாக இருந்தும், கதவு தானாகவே திறந்துகொண்டோ மூடிக்கொண்டோ போனால் அச்சு செங்குத்தாக இல்லை என்று பொருள். ஈர்ப்பு மையம் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகிறது. வண்டி நிற்கும் தரை சாய்ந்திருந்தாலும் இப்படி நேரும், அதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கடைசியாகப் பீடிங், அதற்கும் கடைசியாகக் கொக்கித் தகடு. நான் அரம் போட வைத்ததற்குப் பதிலாக இன்னொன்றைத் தேட மூன்று வாரம் ஆயிற்று. இப்போது யாரும் செய்யாத பொருள். அதன் செலவை நான் கொடுக்க, பெரியவர் வாங்க மறுக்க, பெரிய வழக்காகிவிட்டது. எல்லாம் முடிந்தபின் பானட்டின் பின்விளிம்பைக் கதவுக்குப் பொருந்துமாறு சரிசெய்தோம்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளில் தனிச் சேஸிஸ் இல்லை, உடலே சட்டம். அவற்றில் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டம் அழுகினால் இதே கோளாறு வரும். சோதனையும் எளிது. சக்கரங்கள் தரையில் இருக்கும்போது கூட்டுத்தொகைகளை அளந்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்தை ஜாக்கியால் சற்று உயர்த்திய பின், வெளியே நின்றபடியே மறுபடி அளந்து பாருங்கள். குறிப்பிடத்தக்க மாற்றம் இருந்தால் உடல் வளைகிறது. அப்படிப்பட்ட வண்டியில் கீலுக்கு நடுவே மரக்கட்டையைக் கொடுத்துக் கதவை அழுத்தி ‘நேராக்கும்’ பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. தூண் உறுதியாக இருந்தால் கீல் வளைந்து கொடுக்கும். தூண் அழுகியிருந்தால் கிழியப்போவது தூண்தான்.

நீங்களும் அளந்து பார்க்க விரும்பினால் கார் தேவையில்லை. மரத்தில் 10 செ.மீ. நீளமுள்ள ஓர் ஆப்பு செய்துகொள்ளுங்கள். ஒரு முனையில் கூர்மை. மறுமுனையில் 10 மி.மீ. கனம். நீளவாட்டில் செ.மீ. கோடுகள் போடுங்கள். இடைவெளிக்குள் ஆப்பு 4 செ.மீ. வரை நுழைந்தால் இடைவெளி 4 மி.மீ. வடிவொத்த முக்கோணங்கள் உங்கள் அளவைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுகின்றன. நிலைக்குள் அடங்கி மூடும் கதவு ஒன்றை வீட்டில் தேர்ந்தெடுத்து நான்கு அளவுகளையும் எடுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை. மரக்கதவு ஈரத்தில் ஊதும்போது கதவின் அகலமே மாறுமாகையால், கூட்டுத்தொகைகள் இரண்டும் சேர்ந்து குறைவதைக் காண்பீர்கள்.

பெரியவரின் மனைவி வண்டியில் ஏறச் சம்மதிக்கச் சில வாரங்கள் ஆயின. ஏறுவதற்கு முன் தாமே கதவை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க பின்னாடி உட்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். அதே வலப்பக்கத் திருப்பம் வந்தபோது நாங்கள் மூவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.